துபாயில் இருக்கும் மச்சான்

— லீவு கெடைக்கலன்னு சொல்லிடு ரைஹானா. அவ்ளோதான். துபாய்க்குப் போய் யாரு பாக்கப் போறாங்க?

— கூடப் பொறந்த அக்கா நிக்காஹுக்கு லீவு குடுக்காத முதலாளி எவன்ங்க கீறான்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.

— அப்ப பொருத்தமா நீயே ஒண்ணு சொல்லேன். ரசூல் பீவி பருத்திப்பட்டு தாண்டிட்டாங்களாம், போன் வந்துச்சி. இன்னும் செத்த நேரத்துல ஆட்டோ வாசல்ல வந்து நிக்கும்.

— வரட்டும். மாப்பிள்ளையோட அம்மா தானே, போலீசா?

— போலீசுன்னா கூட பேசி அனுப்சிடுவேன். சம்பந்தி கிட்ட இன்னாத்த பேசறது?

— அவங்க எதுக்கு வராங்கன்னு நெனப்பு கீதா? அவங்க ஊட்டு வழக்கம். மாப்பிள்ள கார்லேர்ந்து எறங்கும்போது பொண்ணோட தம்பிதான் கையப் புடிச்சி எறக்கி, மேடை வரைக்கும் கூட்டிகினு போவணுமாம். மச்சான் கை படாம மாப்பிள்ள காலக் கீழ வெக்க மாட்டாராம். நம்ப ஜுலைஹாவுக்குத் தம்பின்னு கீறது ஃபஹீம் ஒருத்தன்தான், அவன் என்னிக்கு வரான்னு கேக்கத்தான் வராங்க.

— என் தம்பி புள்ள கீறான்ல. அவனும் தம்பி மொறைதான். அவன் புடிக்கட்டும் கைய.

— சொந்தத் தம்பி உசுரோட கீறப்ப எவன் கையோ எதுக்குங்க? தோ கீது குத்தம்பாக்கம். புது பஸ் ஸ்டாண்டு தாண்டி உங்க வண்டில போனா, டீ ஆறுறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம். அங்க கீறவன துபாய்ல கீறான், துபாய்ல கீறான்னு சொல்லி எனக்கு நாக்கே கூசுது.

— கெட்டுது போ. இப்பத்தான் ஒனக்குக் கூசுதா? இன்னும் பதினஞ்சு நாள் பல்லக் கடிச்சிகினு இரு. நிக்காஹ் முடியட்டும். அப்புறம் அவனக் கூட்டியாந்து தலைமேல வெச்சிகினு ஆடு, நான் கேக்க மாட்டேன். அந்த எடத்த நடத்தற சாரும் இன்னா சொன்னாரு? இன்னும் மூணு மாசம் உள்ள இருந்தாத்தான் புள்ள நிப்பான்னாரு. பாதில வெளிய எடுத்தா பழையபடி அதே போத மாத்திரைதான்.

— அந்த சாரு மூணு மாசமும் சொல்லுவாரு, முப்பது மாசமும் சொல்லுவாரு. அங்க டாக்டர்னு ஒருத்தர் கீறாரா, நான் கேக்கறேன்? நம்ப போனப்ப எல்லாம் நீங்க யார்னா டாக்டரப் பாத்தீங்களா? கேட்டு, பூட்டு, நாயி. இது வைத்தியமா, நான் கேக்கறேன்?

— நீ போய்ப் பாத்துட்டு வந்தியே, பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, அவங்க மட்டும் இன்னா மந்திரமா போடுவாங்க?

— மந்திரம் போடல. ஒக்கார வெச்சிப் பேசுனாங்க. 'பூட்டி வெக்கற நோவு இல்லம்மா இது. வாரா வாரம் கூட்டிகினு வா. அவனோட நீயும் வந்து ஒக்காரு, அவங்க அப்பாவும் வந்து ஒக்காரட்டும்'னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.

— ஆங், ஒக்காரணும். அந்த வரிசைல போய் ஒக்காரணும். பூந்தமல்லில பாதி ஜனம் அங்கதான் கீது. சுகர் மாத்திர வாங்க வந்தவன் நம்பளப் பாத்து, 'இன்னா பாய், இந்தப் பக்கம்?'னு கேப்பான். இன்னா சொல்லுவ?

— புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுவேன்.

— சொல்லுவ, சொல்லுவ. கடைக்கு வரவன் கேப்பான், ஜமாத்துல கேப்பாங்க. நான் தலைய எங்க கொண்டு போய் வெச்சிக்கறது? குமணன்சாவடில சீட் கவர் தைக்கறவன் பாரு, அவன் புள்ள போத கேசுன்னு, கார் நிறுத்தறவன் எல்லாம் பேசுவான்.

— அதச் சொல்லுங்க. வெக்கம். அதுக்குத்தான் புள்ளைய உள்ள வெச்சிகீறீங்க.

— வெக்கம் மட்டும்னு நெனச்சிகினு கீறியா? நாகப்பன் அண்ணாத்தே புள்ள சரண மறந்துட்டியா நீ?

— அவன் பேரு எதுக்கு இப்ப?

— எதுக்கா? கொரட்டூர் ஏரிலேர்ந்து அவன பொணமா எடுத்தாங்களே, அன்னிக்கு நான் கரைல நின்னுகினு இருந்தேன். நாகப்பன் அண்ணாத்தே மண்ண வாரி வாயில போட்டுகினாரு ரைஹானா. அழக்கூட வரல அவருக்கு. அவர் புள்ளையும் நம்ப புள்ளையும் ஒரே வண்டில சுத்துனவனுங்க, ஒரே மாத்திரையப் பிச்சித் தின்னவனுங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன். அடிச்சாலும் சரி, கட்டிப் போட்டாலும் சரி, என் புள்ள உசுரோட கெடக்கட்டும்னு. இது தப்பா?

— தப்புன்னு நான் சொல்லல.

— அப்புறம் இன்னா?

— அவன் காலப் புடிச்சது நீங்கன்றத என்னால மறக்க முடியல.

— ரைஹானா...

— அவனத் தூக்கிகினு போவ வேன்ல வந்த நாலு பேருக்கும் அவன் அடங்கல. நீங்க போய் காலப் புடிச்சீங்க. 'அத்தா விடு அத்தா, அத்தா விடு அத்தா'ன்னு தெருமுன வரைக்கும் கத்திகினே போனான். வேற எவன்னா புடிச்சிருந்தா கூட அப்பிடிக் கத்தியிருக்க மாட்டான்.

— பிரியாணி ஆக்கிப் போட்டுத் தூங்க வெச்சது யாரு? ஜும்மா முடிச்சி வந்தவனுக்கு, இன்னும் ஒரு கரண்டி வெச்சிக்கோடா, இன்னும் ஒரு கரண்டி வெச்சிக்கோடான்னு ஊட்டாத கொறையா...

— நிறுத்துங்க.

— நீ ஆரம்பிச்சா நானும் சொல்லுவேன்.

— அன்னிலேர்ந்து வெள்ளிக்கெழமன்னா நான் அடுப்பு பத்த வெக்கறதில்ல. உங்களுக்குத் தெரியுமா? ஜுலைஹா கேட்டா மூட்டு வலின்னு சொல்லிக்கறேன்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?

— கேட்டு இன்னா பண்றது? நானும் அன்னிலேர்ந்து எதுத்த ஊட்டு பார்வதத்தம்மாவ மொகம் குடுத்துப் பாக்கறதில்ல. ஜன்னல்ல நின்னுகினு எல்லாத்தயும் பாத்தாங்க. 'புள்ளைக்கு இன்னா பாய்?'னாங்க. வலிப்பு வந்துடுச்சின்னேன். எந்த ஆஸ்பத்திரின்னாங்க, வந்து பாக்கறோம்னாங்க. அதுலேர்ந்து தப்பிக்கப் போய்த்தான் துபாய். கெட்டுது போ. ஒரு பொய்ய மூட இன்னொண்ணு.

— போன ஞாயித்துக்கெழம நீங்க அந்த சாரோட பேசிகினு இருந்தீங்களே, அப்ப ஃபஹீம் என்கிட்ட இன்னா கேட்டான் தெரியுமா?

— இன்னா கேட்டான்?

— 'அக்கா கல்யாணத்துக்கு நான் வரலாமாம்மா?'ன்னான். பாக்கலாம்டான்னேன். 'துபாய்லேர்ந்து வந்த மாதிரியே வரேம்மா. சென்ட் அடிச்சிகினு, கூலிங் கிளாஸ் போட்டுகினு வரேன். ஒருத்தனுக்கும் தெரியாது. முடிஞ்சதும் நானே திரும்பி வந்து உள்ள ஒக்காந்துக்கறேன்'னான்.

— அவனுக்கு எப்பிடித் தெரியும், துபாய்னு சொல்லி வெச்சிகீறது?

— நான்தான் சொன்னேன். வெளிய வந்தா உளறிடக் கூடாதே. அத்தக் கேட்டு சிரிச்சான்ங்க. 'எனக்கு பாஸ்போர்ட்டே இல்லையேம்மா'ன்னு சிரிச்சான். பத்தொம்பது வயசுப் புள்ள, தன்ன யாரு கேட்டாலும் ஊர்ல இல்லன்னு சொல்ல எங்கம்மா கத கட்டி வெச்சிகீதுன்னு தெரிஞ்சிகினு சிரிக்கறான். நான் மனுசியா?

— அழாத. அவங்க வர நேரம். மொகத்தத் தொட.

— முழங்கைல கன்னிப் போயிருந்துச்சி. இன்னாடான்னா, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்றான். சொல்லிட்டு அந்த வார்டன் மூஞ்சியப் பாக்கறான்.

— பாத்ரூம்னா வழுக்கும்தான்.

— ஆமா. நீங்க அப்பிடியே நம்புங்க.

— ஆட்டோ சத்தம் கேக்குது. ரைஹானா, உன் காலப் புடிக்காத கொறையா கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. நான் பேசிக்கறேன்.

— அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுல எல்லாரும் இருக்கீங்களா?

— வஅலைக்கும் சலாம். வாங்க சம்பந்தி, உள்ள வாங்க. ஏங்க, ஃபேனப் போடுங்க.

— இருக்கட்டும் கண்ணு, இருக்கட்டும். இந்தா, கொஞ்சம் தம்ரூட் இனிப்பு செஞ்சேன், ஜுலைஹாவுக்குப் புடிக்கும்னு. ஷவுகத் தம்பி, கடைக்குப் போகலையா?

— சீட் கவர் தைக்கற வேலதானே சம்பந்தி. மத்தியானம் போய்க்கலாம்.

— ஜுலைஹா எங்கம்மா?

— வேலைக்குப் போய்கீது. சாயங்காலம்தான் வரும்.

— தெரியும். அதனாலதான் இந்நேரமாப் பாத்து வந்தேன். அது இல்லாதப்ப உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்த பேசணும். அதுக்கு முந்தி, மச்சான் என்னைக்கு வர்றாரு? அதச் சொல்லுங்க. முபாரக் தினம் கேக்குறான்.

— அது வந்து சம்பந்தி, லீவுதான் கொஞ்சம் இழுக்குது.

— துபாயில எந்தப் பக்கம் தம்பி? என் கூடப் பொறந்தவன் அங்க இருக்கான். ஒரு போன் போட்டா அந்த முதலாளிகிட்ட நேராவே போய்ப் பேசிடுவான்.

— துபாய்னா... துபாய்க்குள்ள இல்ல. சார்ஜா பக்கம்.

— பூ வைக்க வந்தப்ப அபுதாபின்னு சொன்ன மாதிரி ஞாபகம்.

— ஆங், மொதல்ல அபுதாபிதான். அப்புறம் மாத்திட்டாங்க. அங்கல்லாம் இஷ்டத்துக்கு மாத்துவாங்க சம்பந்தி.

— அப்ப ஒரு வீடியோ கால் போட்டுக் குடுங்க. புள்ள மொகத்தையாச்சும் பாத்துக்கறேன்.

— இப்ப டூட்டில இருப்பான்.

— சாயங்காலம்?

— சாயங்காலமும் டூட்டிதான்.

— போதும்ங்க.

— ரைஹானா, நீ போய் டீ போடு.

— டீ அப்புறம் போடலாம். சம்பந்தி, ஃபஹீம் துபாய்ல இல்ல.

— ரைஹானா!

— கத்தாதீங்க. கத்துனா துபாய் இங்க வந்துடுமா? இங்கதான் கீறான் சம்பந்தி. குத்தம்பாக்கம் தாண்டி, போதைய விட வெக்கறேன்னு பசங்கள உள்ள பூட்டி வெக்கறாங்களே, அந்த எடத்துல. அஞ்சு மாசமா அங்கதான் கெடக்கறான். மாத்திர போட்டுப் பழகிட்டான். நாங்கதான் ஆள வெச்சித் தூக்கிகினு போவச் சொன்னோம்.

— சம்பந்தி, மன்னிச்சிக்கோங்க. மறைக்கச் சொன்னது நான். ஜுலைஹா மேல கோவப்படாதீங்க, அதோட வாயயும் நாங்கதான் கட்டி வெச்சோம்.

— நீங்க எதுக்குக் கைய கட்டிகினு நிக்கறீங்க? நம்ப திருடிட்டமா? சம்பந்தி, இது ஒரு நோவு. உங்களுக்கு சுகர் கீற மாதிரி, இவருக்கு ரத்தக் கொதிப்பு கீற மாதிரி. வந்தா வைத்தியம் பாக்கணும், மூடி வெக்கக் கூடாது. மூடி வெச்சி மூடி வெச்சித்தான் எனக்கு நெஞ்சு அழுகிப் போச்சி. இத்தக் கேட்டுட்டு இந்த சம்பந்தம் வோணாம்னு தோணுச்சின்னா, இப்பவே எழுந்து போய்டுங்க. ஒரு புள்ள வழுக்கிட்டான்னு அந்தக் குடும்பத்தையே ஒதுக்கறவங்க மனுசங்களே இல்ல. அப்பிடிப்பட்டவங்களுக்கு என் பொண்ணையும் நான் குடுக்க மாட்டேன்.

— தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தாங்க. சம்பந்தி, அழாதீங்க. எல்லாம் பேசிக்கலாம். அவ படபடன்னு பேசிடுவா, மனசுல ஒண்ணும் கெடையாது.

— அந்த எடத்துல பச்ச கேட்டு இருக்குமே. உள்ள போனதும் ரெண்டு நாய் கட்டியிருக்கும்.

— ஆமா.

— புள்ள ஒடம்புல காயம் எதுவும் பாத்தியா கண்ணு?

— முழங்கைல கன்னியிருந்துச்சி.

— பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொன்னானா?

— ஆமா. சம்பந்தி, உங்களுக்கு எப்பிடி...

— அப்படித்தான் சொல்லிக் குடுத்து அனுப்புவாங்க. முபாரக்கும் அதையேதான் சொன்னான்.

— எந்த முபாரக்?

— என் முபாரக்தான் தம்பி. உங்க மாப்பிள்ள.

— இன்னா சம்பந்தி சொல்றீங்க?

— பன்னெண்டாவது படிக்கும்போது கொண்டு போய் விட்டோம். உங்க புள்ள துபாய்ல இருக்கான். என் புள்ள அப்ப திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான். ஆவடியில எல்லாருக்கும் இன்னைக்கு வரைக்கும் அதான் கணக்கு. இதச் சொல்லத்தான் தாயீ நான் வந்தேன். பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. பூ வைக்க வந்தப்ப சொல்லணும்னு இருந்தேன், சபையில எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிட்டேன். இப்பக் கூட ஆட்டோவுல வரும்போது, திரும்பிப் போயிடலாமான்னு நெனச்சேன். நீ வாயத் தொறந்தே பாரு, எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. அல்லா உன்ன நல்லா வைக்கணும்.

— ஆனா இப்ப மாப்பிள்ள நல்லாத்தானே கீறாரு சம்பந்தி? அம்பத்தூர் எஸ்டேட்ல வேல, ஒரு வேள தொழுகை தப்பறதில்ல, நாலு பேருகிட்ட நல்ல பேரு. அப்ப அந்த எடம் சரி பண்ணித்தானே அனுப்பிகீது?

— நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. வெளிய வந்த பத்தாம் நாள் திரும்பப் போட்டுக்கிட்டான்.

— அப்புறம்?

— அப்புறம் ஆஸ்பத்திரிதான். வாரா வாரம் நானும் கூடப் போய் ஒக்காந்தேன், வருசக் கணக்கா. மூஞ்சில துப்பட்டாவ இழுத்துப் போட்டுக்கிட்டு ஒக்காருவேன், தெரிஞ்சவங்க யாரும் பாத்துடக் கூடாதேன்னு. நடுவுல ஒரு தரம் வழுக்கினான். தூக்கி நிறுத்தினோம். இப்ப ரெண்டு வருசமாத் தொடல, அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அந்த எடம் குடுத்தனுப்பினது ஒண்ணே ஒண்ணுதான். கதவச் சாத்துனா அவனுக்கு மூச்சு முட்டும். இன்னைக்கும் ரூம் கதவத் தொறந்து வச்சாத்தான் படுப்பான். ஜுலைஹா வந்து திடீர்னு அதப் பாத்து பயந்துடக் கூடாதில்ல. அதான் சொல்லிடணும்னு.

— என் புள்ளைக்கும் அப்பிடி ஆயிடுமா?

— சீக்கிரம் எடுத்துட்டா ஆகாது தம்பி.

— நான்தான் காலப் புடிச்சேன் சம்பந்தி. வேன்ல ஏத்தும்போது நான்தான் அவன் காலப் புடிச்சேன்.

— நான் என் துப்பட்டாவ அவுத்துக் குடுத்தேன் தம்பி. கையக் கட்ட அவங்ககிட்ட கயிறு இல்லன்னு.

— யா அல்லா.

— நடந்தத விடுங்க. இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வாங்க. முபாரக்கையும் வரச் சொல்றேன். அந்த கேட்டுக்குள்ள அவனால கால் வைக்க முடியாது, ஆனா வெளிய நிப்பான். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரு, எல்லாம் அவனுக்குத் தெரியும். மச்சானக் கூடவே வச்சுப் பாத்துப்பான்.

— ரைஹானா, கேட்டியா? நீ சொன்னதுதான் சரி. அந்த டாக்டரம்மா சொன்னதும் சரி. நான்தான் அறிவு கெட்டவன். எவன் கேட்டா இன்னா, என் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போறேன். வண்டி சாவி எங்க? ரைஹானா? உன்னத்தான்.

— ரெண்டு வருசமாத்தான் தொடலையா?

— ஆமா கண்ணு.

— அதுக்கு முந்தி திரும்ப ஒரு தரம் வழுக்கினாருல்ல.

— ஒரே ஒரு தரம்.

— இத்த நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கணும்.

— சொல்லியிருக்கணும்தான். நீயும்தானேம்மா சொல்லல?

— நான் மறைச்சது பொண்ணோட தம்பிய. நீங்க மறைச்சது கட்டிக்கப் போறவர.

— ரைஹானா, இன்னா பேசற நீ? இப்பத்தானே நோவுன்ன?

— நோவுதான். இல்லன்னு சொல்லல. நான் பெத்தேன், அதனால நான் பாத்துக்கறேன். ஜுலைஹாவுக்கு இன்னா தலையெழுத்து?

— அவகிட்ட ஒரு வார்த்த கேளும்மா. அதுங்க ரெண்டும் மனசு ஒத்துப் போயிருச்சுங்க.

— அதுகிட்ட நான் சொல்லிக்கறேன். ஏங்க, சாவி அந்த ஆணில தொங்குது பாருங்க. போய் ஃபஹீமக் கூட்டியாங்க. இனிமே யாருக்கு ஒளிக்கணும்? இந்தக் கல்யாணம் நடக்காது.